ராணி கையில் சல்லடை

ஏப்ரல் 20, திங்கள். காலையிலேயே வெயில்.

செமினார் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். பாடத்துக்கு வாங்கிய நோட்டு. இதற்கு எடுத்தது தப்புதான். வாய்விட்டுச் சொல்ல வராதது இதில் வருகிறது.

எம்.ஏ. செமினார் வியாழக்கிழமை. நானூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து ராணியின் ஓவியங்கள்.

முத்து - கன்னிமை.
உலக உருண்டை - ஆட்சி.
சல்லடை - ? (மேடம் கட்டாயம் கேட்பார்)
முகம் - அரண்மனை ஒப்புக்கொண்ட ஒரே முகம். அதைப் பார்த்துத்தான் வரையணும். அறுபது தாண்டியும் இளமை.

கொல்லையில் அம்மா, உளுந்து சலிக்கும் வேலை. போனில் ராணியைக் காட்டினேன்.

"இவ்வளவு நகையோடயா களத்துக்கு வந்துச்சு?"

"ராணிம்மா அது."

"சல்லடையப் புடிச்சிருக்கறதப் பாத்தாலே தெரியுது." கூளத்தை ஓரமாகத் தட்டியபடி, "நல்லது கீழ போயிடும், கூளம் மேல நின்னுக்கும். அதத்தான் சொல்லுது போல."

ராணியின் சல்லடை விளிம்பில் எழுதியிருப்பதும் ஏறக்குறைய அதேதான். புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். குறித்துக்கொண்டேன்.

21, செவ்வாய். புழுக்கம்.

27ஆம் தேதி எங்கள் புது வீடு புகுதல். பேனர் மாமா செலவு, அம்மாவுக்குத் தம்பியாகச் செய்யும் முறை. அவரோடு திருக்காட்டுப்பள்ளி பிளக்ஸ் கடைக்கு. அம்மாவுக்கு இருப்பது நூறு நாள் வேலை அட்டைக்கு எடுத்த போட்டோ ஒன்றுதான்.

கடை அண்ணனின் கம்ப்யூட்டரில் பெண்களுக்கு ஒரே உடம்பு. பட்டுப்புடவை, காசுமாலை, ஒட்டியாணம். அம்மாவின் தலையை வெட்டி அதில் வைத்தார். பிறகு முகத்தை வெளுத்தார். இன்னும் வெளுத்தார்.

"எங்கக்காவா இது? பொண்ணு கேட்டு வந்துடப் போறானுவ," என்று மாமா சிரித்தார்.

சொல்ல நினைத்தது வேறு. சொன்னது: "நல்லாருக்குண்ணே."

22, புதன். மேகம், மழை இல்லை.

போனில் பேனர் படம் வந்தது. அம்மாவிடம் நீட்டினேன். கட்டைவிரலால் கன்னத்தைத் துடைத்துப் பார்த்தாள். படம்தான் பெரிதானது.

"நகைய எடுத்துடச் சொல்லவாம்மா?"

"அது ஏன்? கழுத்துலதான் போட்டதில்ல, பேனர்லயாவது கிடக்கட்டும்." போனைத் திருப்பித் தந்தபடி, "மூஞ்சியப் பாத்துட்டு யாரு வீடுன்னு கேக்கப் போறாங்க."

அவ்வளவுதான். சல்லடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்து மணிக்கு பிரிண்ட். மூன்று தடவை கடை அண்ணன் நம்பரைப் போட்டுக் கட் பண்ணினேன். 4.40க்கு நாலாவது தடவை. எடுத்துவிட்டார்.

"அண்ணே, நேத்து மாமாவோட வந்தேன்ல, அந்தப் பொண்ணு. நகையெல்லாம் இருக்கட்டும். எங்கம்மா மூஞ்சிய மட்டும் அதோட கலர்லயே விட்டுடுங்கண்ணே."