சோளக்காட்டு ரோட்டில் சுமதி

3 ஒக்ரோபர் 2016, திங்கள்

காலையிலிருந்து தூறல். கடைக்கு வெண்டைக்காய், முருங்கைக்காய் வந்து இறங்கியது. முதுகுப் பிடிப்பு.

மனுசி சுமதி பென்சில்வேனியாவில், தன் அக்கா வீட்டில். போய் ஒரு வாரம். மத்தியானம் படம் அனுப்பினாள். சோளக்காடு, ஆளில்லாத ரோடு, பின்னால் ஒரு குதிரை வண்டி. ஆமிஷ் என்று ஒரு சனமாம், கார் வைத்துக்கொள்ளாமல் வயல் செய்கிறவர்கள். வேலிக்கட்டைக்குப் பக்கத்தில் சு. ஒரு டப்பாவைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறாள்.

ஜியோகாஷிங்! யாரோ ஒளித்துவைத்த டப்பாவைப் போனில் இடம் பார்த்துத் தேடி, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டுத் திரும்ப வைக்கிற என்னுடைய விளையாட்டு. எத்தனை வருடம் கூப்பிட்டிருப்பேன். "உங்களுக்கு விசர். குப்பைக்குள்ளை கையை விட்டுக்கொண்டு திரியிறியள்" என்பாள். இப்போது அவளைக் கூட்டிக்கொண்டு திரிகிறவர் சகலன், அக்கா புருஷன். இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்.

5, புதன்

வெயில். இன்னும் படங்கள். ஒன்றில் பாலத்துக்கு அடியில் குந்தி இருக்கிறாள். முழங்கால் நோகுது என்று எங்கள் வீட்டுப் படி ஏறவே அழுகிறவள்.

எங்கள் கடை இருக்கும் ரூ காய் தெருவில் தேத்தண்ணி குடிக்கும்போது, கூட வேலை செய்கிற ரவி அண்ணையிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

"உன்ரை மனுசி நல்லா இளமையாயிட்டா. படம் எடுக்கிறது ஆர்?"

"சகலன்."

"ஓ."

அந்த 'ஓ' நாள் முழுக்கக் காதில்.

வாங்க: மைசூர்ப் பருப்பு, சவர்க்காரம், பல்ப்.

7, வெள்ளி

சந்தேகம் இல்லை. அதை எழுதிவைக்கிறேன். சகலன் தங்கமான மனிதர். அக்காவும் கூடத்தான் போகிறா. என் வயிற்றெரிச்சல் வேறு. டப்பா கிடைத்ததும் வருகிற அந்தச் சிரிப்பு. அதை முதலில் பார்த்திருக்க வேண்டியவன் நான்.

வேலை முடிந்து தனியே கால்வாய்ப் பக்கம். ஒரு டப்பா கிடைத்தது. ஒரு சந்தோஷமும் இல்லை. பெயர்கூட எழுதாமல் வைத்துவிட்டு வந்தேன்.

9, ஞாயிறு

போனில் கேட்டேவிட்டேன். கொஞ்சம் சத்தமாக. "நான் கூப்பிட்டால் குப்பை, அத்தான் கூப்பிட்டால் இனிக்குதோ?"

மெதுவாகச் சொன்னாள், "இஞ்சாருங்கோ, லா ஷப்பல் ஸ்டேசனடியிலை நீங்கள் கரண்ட் பெட்டிக்குப் பின்னாலை கையை விட, பொலிஸ் மறிச்சது ஞாபகமே?"

ஞாபகம். விசாவைக் காட்டினேன், போய்விட்டார்கள். கடையில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுகிற கதை.

"உங்களிட்டை விசா இருந்தது. என்னட்டை அப்ப ஒரு பேப்பரும் இல்லை. பக்கத்திலை நிண்டனான். இப்ப பிரெஞ்சுப் பாஸ்போட் இருக்கு, எண்டாலும் அங்கை என்னாலை ரோட்டிலை குனிஞ்சு தேடேலாது. இஞ்சை ஒரு தொப்பிக்காரன் குதிரை வண்டியிலை போனான். கையைத் தூக்கிக் காட்டிப்போட்டுப் போயிட்டான். என்ன செய்யிறாய் எண்டு கேக்கேல்லை."

அவளிடம் பொலிஸ் ஒன்றும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இவ்வளவு நாளும் ஞாபகம். அவள் முகத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை. சமைக்கவில்லை. பாண், வாழைப்பழம்.

18, செவ்வாய்

கடை லீவு. குளிர், மழை இல்லை. சு. வெள்ளிக்கிழமை வந்தாள். இன்று ரயில், பிறகு பஸ், பிறகு நடை. பீட்ரூட் வயல்களுக்கு நடுவே, நானே மினக்கெட்டுத் தேடிப் பிடித்த ரோடு. வீடு இல்லை, சனம் இல்லை. வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னே வாசலில் நின்றாள்.

நான் ஒரு கல்லைச் சுற்றிச் சுற்றித் தேட, சு. நேரே போய்க் குனிந்து, ரோட்டோரக் குழாய்க்குள் கையை விட்டாள்.

"இந்தா!"

அந்தச் சிரிப்பு. முழுசாக, என் முன்னால். கண் கலங்கிவிட்டது. குளிர் என்றேன்.

டப்பாவைப் படம் எடுத்தாள். உடனே யாருக்கோ அனுப்பினாள்.

"ஆருக்கு?"

"அத்தானுக்கு. குழாய் இருந்தால் முதல் அதுக்குள்ளை பாக்கச் சொல்லித் தந்தது அவரெல்லே."