ஓட்டர்பெக் பதிப்பகத்தின் வரலாறும் ஓர் அழைப்பிதழும்

டோர்செட் பார்க், ரொறன்ரோ
செப்டெம்பர் 14

அன்புள்ள சிவபாதத்துக்கு,

ஜெயரட்ணம் எழுதுகிறேன். நானும் பாலேஸ்வரியும் சுகம். உன் கையெழுத்து இன்னும் நேர்கோட்டில் ஓடுவதால் நீயும் சுகமென்று எடுத்துக்கொண்டோம்.

நீ எழுதிய ‘ஓட்டர்பெக் பதிப்பக வரலாறு’ கிடைத்தது. ஒரு ஜேர்மன் கலைக்களஞ்சியக் கம்பனியின் நூற்றெழுபது வருஷச் சரித்திரத்தைத் தமிழில் கேட்டு யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பது உனக்கும் தெரியும். ஆனாலும் முப்பத்தொரு வருஷம் அதன் கிடங்கில் பெட்டி கட்டியவன் நீ. முதலாளிமார் எழுதாமல் விட்டதை எழுதியிருக்கிறாய். பாலேஸ்வரி முதல் அத்தியாயத்தை இரண்டு தரம் வாசித்தாள். கம்பனியைத் தொடங்கியவர் கலைக்களஞ்சியத்தின் ‘கே’ எழுத்தோடு செத்துப்போக, மிச்ச எழுத்துகளையெல்லாம் அவருடைய விதவை முடித்தாராம். எந்த வீட்டிலும் அதுதானே நடக்கிறது என்றாள்.

எனக்குப் பிடித்தது ஐந்தாம் அத்தியாயம். நாடு இரண்டாக, கம்பனியும் இரண்டானது. கிழக்கில் ஓர் ஓட்டர்பெக், மேற்கில் ஓர் ஓட்டர்பெக். உலகத்திலுள்ள எல்லாவற்றையும் பற்றி எழுதிய இரண்டும் மற்றதைப் பற்றி நாற்பது வருஷம் ஒரு வரி எழுதவில்லை. வெள்ளைக்காரருக்கும் எங்கள் அளவுக்கு மன உறுதி உண்டென்று அறிந்து சந்தோஷம். அவர்களுக்கு அதற்கு ஒரு மதில் தேவைப்பட்டது. எங்களுக்கு அழைப்பிதழ் போதுமாயிருந்தது.

அந்தக் கதை உனக்குத் தெரியும். பதினொரு வருஷத்துக்கு முன் நம் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடல் அழைப்பிதழில், என் பெயர் மேலேயா தம்பி விமலேந்திரனின் பெயர் மேலேயா என்பதில் தொடங்கியது. இப்போது சங்கம் இரண்டு. ஒன்றுக்கு நான் தலைவர், மற்றதற்கு அவன். அன்றிலிருந்து நாங்கள் கதைத்ததில்லை. அவன் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிய செய்தியே பாலேஸ்வரி வழியாகத்தான் வந்தது. அவளும் தம்பியின் மனைவி றஜிதாவும் தினமும் காலையில் ஃபோனில் ஒரு மணித்தியாலம் கதைக்கிறார்கள். சங்கம் பிரிந்தது ஆம்பிளைகளுக்குத்தானாம்.

நீயோ, இரண்டு சங்கமும் ஒரே மேடையில் ஏறினால்தான் இங்கே வைக்கும் வெளியீட்டு விழாவுக்கு வருவேன், இல்லாவிட்டால் புத்தகத்தைத் தபாலிலேயே வெளியிடுங்கள் என்று எழுதிவிட்டாய். உடனே கூட்டம் போட்டோம். இரண்டு கூட்டம், இரண்டு மண்டபம். இரண்டிலும் ஒற்றுமை ஏகமனதாக நிறைவேறியது. யாருடைய பெயர் மேலே என்பதுதான் நிறைவேறவில்லை.

அப்போதுதான் பாலேஸ்வரி உன் ஆறாம் அத்தியாயத்தை ஃபோனில் றஜிதாவுக்குச் சத்தமாக வாசித்தாள். மதில் விழுந்து, இரண்டு ஓட்டர்பெக்கும் சேர்ந்து போட்ட முதல் பதிப்பில் யார் பெயர் முதலில் என்று ஏழு மாதம் சண்டை. கடைசியில் பிழை திருத்தும் கிழவி ஒருத்தி, நாங்கள் என்ன புத்தகமப்பா விற்கிறோம், எல்லாரையும் அகரவரிசையில் போடுங்கள், பட்டம் பதவி வேண்டாம் என்றாளாம். அதனால் பெட்டி கட்டிய சிவபாதத்துக்குக் கீழே முதலாளி ஸிம்மர்மான் வந்த இடத்தை நீ கொஞ்சம் அதிகமாகவே வர்ணித்திருக்கிறாய். மன்னிக்கிறேன்.

அன்று மத்தியானத்துக்குள் பெண்கள் இருவரும் அழைப்பிதழை எழுதி முடித்துவிட்டார்கள். முதலில் அஸ்ரா, விழாவுக்கு மட்டன் ரோல் செய்து தரச் சொல்லியிருக்கும் பிள்ளை. அவள் இதுவரை மூன்று தரம் ஃபோன் எடுத்து, அங்கிள், நான் பேசவும் வேணுமா என்று கேட்டுவிட்டாள். இரண்டாவது ஒலிபெருக்கி கட்டும் இஹ்லாஸ். நடுவில் நீ. கடைசிக்கு முதல் விமலேந்திரன். அவனுக்குக் கீழே, ஆகக் கடைசியில் நான். ஜ எழுத்தைத் தமிழ் அகராதி செருப்புக் கழற்றும் இடத்தில்தான் நிறுத்தி வைத்திருக்கிறது.

தலைவருக்கு அவமானம் என்று என் ஆட்கள் கொதித்தார்கள். அவன் ஆட்களும் அதே சொல்லைச் சொல்லித்தான் கொதித்தார்களாம். இரண்டு தலைவர்மாரும் மட்டன் ரோலுக்குக் கீழே என்று உறுதியானதும் எல்லாரும் சாந்தமானார்கள்.

விமலேந்திரன் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தானாம். பிறகு, அண்ணை இதுக்கு ஓமெண்டவரோ என்று மட்டும் கேட்டானாம். றஜிதா சொன்னதாகப் பாலேஸ்வரி சொன்னாள். ஃபிரிட்ஜ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி, அதை இன்னொரு தரம் சொல்ல வைத்தேன்.

விழா ஒக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை. நீ புதன்கிழமையே வந்துவிடு. மூன்று நாள் எங்களோடு இரு, மூன்று நாள் ஸ்ரௌவ்வில்லில் இரு. உன்னைக் கூட்டிவர விமான நிலையத்துக்கு நான் வருகிறேன். அவனும் வருவதாகக் கேள்வி. நீ வெளியே வரும்வரை நாங்கள் இருவரும் என்ன செய்வோமென்று எனக்குத் தெரியாது. ஆகையால் எனக்காக ஓர் உபகாரம் செய். புத்தகங்களையெல்லாம் ஒரே பெட்டியில் அடைத்து, ஒருவர் தனியாகத் தூக்க முடியாதபடி கொண்டு வா. இடுப்பு வலி என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் முன்னால் நட. ஆனால் மிகவும் பாரமாக வேண்டாம். போன மாரியில் அவனுக்கு முழங்காலில் ஒப்பரேஷன் செய்தது.

உன் வரவைப் பார்த்திருக்கும்
ஜெயரட்ணம்