அத்தா பெயரில் ஒரு காசோலை

மார்ச் 4

காலையிலேயே வெயில் சுள்ளென்று. பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று தாள்கள்: பாஸ்போர்ட் நகல், அமெரிக்க விமான நிலையத்தில் கொடுத்த வரிச் சீட்டு, மான்செஸ்டர் வாடகை ஒப்பந்தம். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. காவிரியில் தண்ணீரைவிட மணல் அதிகம்.

ஆடிட்டர் மைதிலி மேடம். சித்திரை வீதியில் ஒரு மாடி. தங்கை நஸ்ரினின் தோழிக்குச் சித்தி. உள்ளே நுழையும்போது ஒரு நமட்டுச் சிரிப்புக்குத் தயாராகத்தான் போனேன். சிரிக்கவில்லை.

"எங்க ஆடினேள்?"

"ஏர்போர்ட்ல, மேடம்."

"ஏர்போர்ட்லயா! அங்கே அதெல்லாம் வச்சிருக்காளா?"

சொன்னேன். மான்செஸ்டரில் படித்துக்கொண்டிருந்தபோது லாஸ் வேகாஸில் ஒரு கருத்தரங்கு. கட்டுரை வாசித்தேன், கேட்டவர்கள் சிலர், விழித்திருந்தவர்கள் அதிலும் சிலர்தான். திரும்பும் விமானம் தாமதம். ஏறும் வாசலுக்கு எதிரிலேயே வரிசையாகச் சூதாட்ட மிஷின்கள். பையில் கடைசி ஐந்து டாலர். மிஷின் அலறத் தொடங்கியது. சீருடைக்காரர் ஒருவர் வந்து பாஸ்போர்ட்டை வாங்கினார். வெளிநாட்டுக்காரன் என்பதால் முப்பது சதவீதம் வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். அந்த மீதி வாடகை பாக்கிக்கும் ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும் சரியாகப் போயிற்று.

மேடம் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். "இந்தியாவுல குடியிருக்கறவா ஜெயிச்சா திரும்பாது. இங்கிலாந்துல குடியிருக்கறவாளுக்கு அமெரிக்காவோட ஒப்பந்தம் வேற. இந்த வரியே கிடையாது. நீங்க அப்போ அங்கதானே இருந்தேள்? கேட்டு வாங்கலாம். மெதுவாத்தான் வரும். பெருமாள் பார்த்துப்பார்."

பணம் எனக்கில்லை என்றேன்.

"பின்னே யாருக்கு?"

"கக்கூஸுக்கு."

பேனாவைக் கீழே வைத்தார்.

மார்ச் 5

மேடத்திடம் நேற்று சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். எனக்கே தெளிவாகட்டும் என்று.

போன மாதம் இரவுச் சாப்பாட்டில் நஸ்ரின் விளையாட்டாகப் போட்டு உடைத்தாள். "அத்தா, அமெரிக்கா ஏர்போர்ட்ல உங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்களாம். வாழ்த்துகள் மிஸ்டர் காதர் மைதீன்னு!"

நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று, விண்ணப்பம் நிரப்பித் தந்தவர் அத்தா பெயரை எழுதிவிட்டார். எனவே திருச்சியில் நான் கா. யாசர். வெளியே உலகம் முழுவதும் மிஸ்டர் காதர் மைதீன். சீட்டுக்கட்டைக் கையால் தொட்டிராத மனிதரின் பெயரில் ஒரு சூதாட்ட வெற்றி.

அத்தா சத்தம் போடவில்லை. பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். அன்றிலிருந்து என்னிடம் பேச்சில்லை. எல்லாம் நஸ்ரின் வழியாக. நான் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். "அவன்ட்ட சொல்லு, கரண்ட் பில் கட்டணும்."

ஒரு வாரம் கழித்துத் தீர்ப்பு. அதுவும் நஸ்ரின் வழி. "அமெரிக்காக்காரன் புடிச்சு வச்சிருக்கிறதை வாங்கச் சொல்லு. அங்க கெடந்தா என் பேர்லதான் கெடக்கும். வட்டிக் காசு போற எடத்துக்கு அதுவும் போகட்டும். தின்னு தீத்த மிச்சத்தை அவன் சம்பளத்துலேர்ந்து மாசாமாசம் எடுத்து வைக்கச் சொல்லு."

வட்டிக் காசு: எங்கள் பூட்டுக் கடையின் பேங்க் கணக்கில் ஏறும் வட்டியை அத்தா தொடமாட்டார். வருடத்துக்கு ஒரு முறை தனியே எடுத்து, பொதுக் கழிப்பறை, சாக்கடை மூடி, இப்படி எதற்காவது. பள்ளிவாசலுக்குக் கொடுப்பதில்லை. நன்மை எதிர்பார்க்கக் கூடாது. பெயர் போடக் கூடாது. கையிலிருந்து அகற்றுகிறோம், அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தில் பரிசு பற்றியும் கொடை பற்றியும் எத்தனை கோட்பாடு படித்தேன். திரும்ப எதையும், நன்றியைக்கூட, எதிர்பார்க்கக் கூடாத கொடை எங்கள் கடைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

மார்ச் 9

ஞாயிறு. கல்லூரி இல்லை (தற்காலிக விரிவுரையாளனுக்கு ஞாயிறு சம்பளமும் இல்லை). கடையில் உட்கார்ந்தேன். பூட்டு, கீல், தாழ்ப்பாள், கொக்கி. எண்ணெய் வாசனை.

எதிரே கீரைக் கூடையோடு பவுனம்மா. லால்குடிப் பக்கம். முதல் பஸ்ஸில் வந்து உச்சி வெயிலுக்கு முன் போய்விடுவார். நஸ்ரின் சாப்பாடு கொண்டுவந்ததும் கூப்பிட்டார்.

"நஸ்ரினு, செத்த வா. கதவுகிட்ட நில்லு."

மார்க்கெட் முனைக் கழிப்பறை. பெண்கள் பக்கம் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல்.

"தாப்பா இல்லையா பெரியம்மா?"

"தாப்பா இருந்த ஓட்டை இருக்கு. எதுத்தாப்புல பூட்டுக் கடைய வச்சுக்கிட்டு என்னைக் கேக்குற பாரு!"

அத்தா ரசீது எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. எழுதுவது மட்டும் நின்றிருந்தது.

மார்ச் 18

அமெரிக்காவில் வரிப் பணம் கேட்க அங்கத்திய வரி எண் வேண்டும். எண் வாங்க, அவர்கள் அங்கீகரித்த ஆள் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சான்று தர வேண்டும். அதற்காக நேற்று சென்னை. போக வர ரயில். இன்று எல்லாம் தபாலில் போயிற்று.

மேடத்திடம் கட்டணம் கேட்டேன்.

"அந்தப் பணத்துலேர்ந்து எனக்கு வேண்டாம். உங்களுது இன்னும் சம்பளம்னு சொல்ற மாதிரியே இல்லை. அப்பா கடைலேர்ந்து நல்ல பூட்டா ஒண்ணு வாங்கிண்டு வாங்கோ. எங்காத்து மொட்டைமாடிக் கதவைக் குரங்கு திறந்துடறது."

நஸ்ரின் வழியாக அத்தாவிடம் சொன்னேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து கனமான திண்டுக்கல் பூட்டு ஒன்றை எடுத்தார். எண்ணெய் விட்டார். பூட்டினார், திறந்தார், பூட்டினார். பிறகு நஸ்ரினிடம்: "அவன்ட்ட குடு. அந்தம்மாவுக்கு என் சலாம் சொல்லச் சொல்லு. குரங்கு என்ன, அவங்களே சாவியத் தொலைச்சாலும் தொறக்காது."

பேருந்தில் மடியில் பூட்டு. வெயிலில் சூடாகி, உயிருள்ள எதையோ வைத்திருப்பதுபோல. யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது இந்த அற்பக் காரியத்தில். மேடம், நஸ்ரின், சென்னையில் தன் டிபனைப் பாதி நிறுத்திவிட்டு முத்திரை குத்தித் தந்த அந்த ஆள். ஐந்து டாலர் போடாமல் இருந்திருந்தால் இவர்களில் பாதிப் பேரைத் தெரிந்திருக்காது. இதை அத்தாவிடம் சொல்ல முடியாது.

நவம்பர் 3

மழை. இந்த நோட்டைத் திறந்தே வெகுகாலம். எழுத ஒன்றுமில்லை என்பது பொய். ஒரே வரிதான் இருந்தது: அத்தா இன்றும் பேசவில்லை.

நோன்பு வந்து போனது. பெருநாளன்று தழுவிக்கொண்டார். வாய் திறக்கவில்லை.

இன்று உறை வந்துவிட்டது. தபால்காரர் குடையோடு கடை வாசலில்: "காதர் மைதீன் யாரு பாய்? நீங்களா, தம்பியா?"

அத்தா என்னைப் பார்த்தார். பிறகு நஸ்ரினைத் தேடினார். அவள் கடையில் இல்லை. கையால் என்னைக் காட்டினார்.

காசோலை. யாசர் காதர் மைதீன். பிடித்ததை முழுவதுமாகத் திருப்பியிருக்கிறார்கள். மேடத்துக்குப் போன் செய்தேன். "பார்த்தேளா!" என்றார்.

நவம்பர் 4

பேங்க். என் கணக்கு கா. யாசர். காசோலையில் நீளப் பெயர். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"காதர் மைதீன் யாரு தம்பி?"

"அத்தா."

"இங்கதான இருக்காரு? ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. இது அவர் பேர், நீங்க அவர் மகன், ரெண்டு பேரும் ஒரே ஆளில்லைன்னு ஒரு லெட்டர்ல கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். அப்புறம் வசூலுக்கு அனுப்பலாம்."

எதிலிருந்து தன் பெயரைக் கழுவ நினைத்தாரோ அதற்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும். நஸ்ரினிடம் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 6

வந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி. ஸ்கூட்டரில் பின்னால், இடையில் ஒரு ஆள் உட்காரும் இடைவெளி விட்டு.

அதிகாரி: "இந்தப் பணம் உங்களுதா பாய்?"

"இல்ல."

அதிகாரி பேனாவை மூடப் போனார்.

"பேரு என்னுது," என்றார் அத்தா. "இவனுக்குக் குடுத்திருக்கேன்."

"என்ன பணம் இது, அமெரிக்காவுலேர்ந்து?"

"சூதாட்டத்துல வந்தது."

பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தார். அத்தா நிதானமாகக் கையெழுத்துப் போட்டார், பூட்டைச் சோதிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி.

திரும்பும்போது பாலக்கரைப் பள்ளத்தில் வண்டி குலுங்கியது. என் தோளில் கை. சாலை சமமான பிறகும் எடுக்கவில்லை.

நவம்பர் 27

பணம் கணக்கில் ஏறிவிட்டது. மார்க்கெட் முனைக் கழிப்பறைக்கு நாங்கள் புதுக் கதவு போட்டுத் தருகிறோம் என்றதற்கு மாநகராட்சி சுகாதார ஆய்வாளர் சரி என்றார். போர்டில் என்ன பெயர் என்று அவர் கேட்டதற்கு நஸ்ரினே பதில் சொன்னாள்: "பேரே வேணாம் சார், போர்டும் வேணாம்." கதவுகள் ஆசாரியிடம் தயார். பாக்கி, தாழ்ப்பாள்.

நம் கடையில் இல்லாத தாழ்ப்பாளா? அத்தா கல்லாவைப் பூட்டினார், தெருவைக் கடந்தார், செல்வராஜ் கடைக்குள் நுழைந்தார். எதிர்க்கடை. நினைவு தெரிந்த நாளாக விலைப் போட்டி. பணத்தோடு நான் பின்னால்.

"வாங்க பாய்! கடைய எனக்கே குடுத்துறலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"பித்தளைத் தாழ்ப்பா. உள்பக்கம் போடுறது. நல்லதாக் குடு."

"உங்ககிட்டயே கெடக்குமே?"

"கெடக்கு. இந்தக் காசு என் கல்லாவுல விழக் கூடாது."

"என் கல்லாவுல விழலாமாக்கும்?"

"உனக்கு அது யாவாரம். எனக்கு அப்படியில்ல."

செல்வராஜ் சிரிப்பதா என்று யோசித்து, விலையைக் குறைக்கப் போனார். அத்தா விடவில்லை. "கொறைக்காத. முழு வெல போடு." வாழ்நாளில் முதல் முறையாக இருக்கும். பிறகு ஒன்றைத் தள்ளிப் பார்த்து, உதட்டைச் சுழித்தார். "இதையா இந்த வெலைக்கு விக்கிற?"

"தெரிஞ்சுதான பாய் வந்தீங்க!"

இருவரும் சிரித்தார்கள். நானும். அத்தா என் சிரிப்பைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கேட்டார்.

நவம்பர் 30

ஞாயிறு. இரவெல்லாம் மழை, விடிந்ததும் நின்றது. மார்க்கெட் இன்னும் நிறையவில்லை. ஆசாரி கதவுகளை மாட்டிவிட்டு டீக்குப் போனார். தாழ்ப்பாளை மட்டும் அத்தா யாரையும் தொடவிடவில்லை.

கடைசிக் கதவு. காற்றில் ஆடியது. திருகாணி வாயில், ஸ்க்ரூ டிரைவர் கையில். சுற்றும் முற்றும் பார்த்தார். நஸ்ரின் வீட்டில்.

திருகாணியை வாயிலிருந்து எடுத்தார்.

"யாசர். கதவப் புடி."

பிடித்தேன். ஆடாமல் பிடித்தேன்.

கருவிகளைப் பொறுக்கிக்கொண்டு நாங்கள் தெருவுக்கு வந்தபோது பவுனம்மா கூடையை இறக்கிவிட்டு வழக்கம்போல ஆள் தேடினார். "நஸ்ரினு வரலியா? யாரு நிப்பா?"

"ஆள் வேணாம்," என்றார் அத்தா. "போங்க."

நம்பாமல்தான் போனார். கதவு மூடியது. டக்.

உடனே திறந்தது. தலை மட்டும் வெளியே. "உள்ள மாட்டிக்கிட மாட்டேன்ல பாய்?"

"மாட்டிக்கிட்டா பூட்டுக் கடைக்காரன் வெளியதான நிக்கிறேன்!"

மறுபடி டக்.