ராணி சாகவில்லை

தேன்கனிக்கோட்டை. மார்கழி, வியாழக்கிழமை.

ஐந்து சரித்திர நாவல்களை முதலில் படித்து முடிப்பவருக்குப் பொங்கலன்று நூலகத்தில் பரிசு. என் மகளின் மாமியாருக்கும் எனக்கும்தான் போட்டி. ஆளுக்கு ஒரு புத்தகம் பாக்கி.

செவ்வாய்க்கிழமை சந்தையில் பார்த்தபோது, "அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்ச உங்களுக்கு அத்தாம்பெரிய புத்தகம் எதுக்குங்க சம்பந்தியம்மா? அந்த ராணி கடைசீல செத்துப்போறா, தெரியுமில்ல?" என்றார். கோட்டைக்குள் தனியாக நின்று போராடுகிறவள் சாவதைப் படிக்க மனம் வரவில்லை. பாதி படித்திருந்த புத்தகத்தை அதற்குப் பிறகு தொடவே இல்லை.

இன்று மத்தியானம் மருமகள்தான் அதை எடுத்துக் கையில் கொடுத்தாள். "அழுவறதுன்னாலும் படிச்சுட்டு அழுவுங்க அத்தை. ஜெயிக்க வேணாமா?" என்றாள்.

விளக்கு வைப்பதற்குள் முடித்துவிட்டேன். ராணி சாகவில்லை! எதிரியைக் காட்டுக்குள் துரத்திவிட்டுக் குதிரையில் திரும்பி வருகிறாள்.

எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் வந்தது. காலையில் முதல் ஆளாக நூலகத்துக்குப் போவேன். வழியில்தான் சம்பந்தி வீடு. அவர் இப்போது படிக்கும் புத்தகத்தை நான் ஐப்பசியிலேயே முடித்துவிட்டேன். அதில் தளபதி என்ன ஆகிறான் என்று சொல்லாமல் அந்த வாசலைத் தாண்ட வேண்டும். இந்த வாய் சும்மா இருக்குமா, தெரியவில்லை.