நாலு மணிக்குத் திறக்கும் ஜன்னல்

நவம்பர் 9

"கருவியில் பழுது இருக்கலாம்" – இதை நான் இன்று சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு நொடி இருந்தது.

வசதியில்லாத வீடுகளில் குளிர்காலத்தில் ஹீட்டர் வெப்பம் எப்படி வீணாகிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. மூன்று வாரம் அறையில் வெப்பம் அளக்கும் கருவி வைத்து, பிறகு வரைபடத்தை விளக்கி, குடும்பத் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் நிதிக் குழு அந்த வீட்டை ஏற்காது. இன்று, வீட்டிலேயே துணி தைக்கும் ஓர் அக்காவின் வீடு. கணவன் பேருந்து ஓட்டுநர். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான்.

என் குரலில் பெருமை வேறு. "பகல்ல ரூம் பதினெட்டு டிகிரி வரைக்கும் ஏறுது. நாலு மணிக்குத் திடீர்னு விழுது. ஜன்னலைத் திறக்கிறீங்க போல. அதை நிறுத்தினா நிறைய மிச்சமாகும்."

"பகல்லயா?" என்றான். "கரண்ட் செலவாகக் கூடாதுன்னு ஹீட்டர் வயரை நான்தானே டூட்டிக்கு எடுத்துட்டுப் போறேன்."

அக்கா தலை நிமிரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளிடம் வேறொரு வயர் இருக்கிறது. அவன் வருவதற்குள் அறையைக் குளிரவைக்கத்தான் அந்த ஜன்னல்.

"நல்லா படம் போட்டிருக்கே தங்கச்சி." சிரித்தபடி கையெழுத்துப் போட்டான்.

நவம்பர் 10

போய்ப் பார்க்கவில்லை. பயம். வேறென்ன.

நவம்பர் 12

அவன் வேலைக்குப் போன பிறகு போனேன். அக்காவின் இடது கண் மூடிக் கிடந்தது. தாடை வீங்கி, பேச்சு குழறியது. வலது கையில் கட்டு. ஜன்னல் சட்டத்தில் விரல்களை வைக்கச் சொல்லி, ஜன்னல் கதவை அறைந்து சாத்தியிருக்கிறான். மூன்று முறை. அவளையே எண்ணச் சொன்னானாம்.

"ஊசி பிடிக்க விரல் விறைக்கக் கூடாதும்மா. அதுக்குத்தான் ஹீட்டரைப் போட்டேன்." பிறகு, "படிச்ச பொண்ணு நீ. அவரு முகத்தைப் பார்த்தாவது தெரியலையா உனக்கு?"

நவம்பர் 13

பேராசிரியரிடம் சொன்னேன்; வரைபடத்தைப் போலீஸில் கொடுக்கலாமா என்றும் கேட்டேன். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் படத்தைப் போலீஸ்ல கொடுத்தா, நாளைக்கு எந்த வீடு நமக்குக் கதவைத் திறக்கும்? திங்கக்கிழமை நிதிக் குழு வருது. அந்த வீட்டைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடும்மா."

எடுத்துடணுமாம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைக் குத்தினேன் – அவன் முகம்னு நெனச்சுத்தான். மூணாவது குத்துல அது என் முகமா இருந்துச்சு.

நவம்பர் 16

நிதிக் குழுவின் முன் அந்த வீட்டின் வரைபடத்தைத்தான் முதலில் போட்டேன். நாலு மணிச் சரிவைக் காட்டினேன். விரல்களைச் சொன்னேன். அவளை அவனிடம் காட்டிக்கொடுத்தது நான்தான் என்பதையும். குழுவிலிருந்து ஓர் அம்மா மட்டும் கேட்டார்: "கையெழுத்து வாங்கியாச்சா?"

அங்கிருந்து நேராக அக்காவிடம் போனேன். "ஸ்டேஷனுக்குப் போகலாமா அக்கா?" ஒற்றைக் கையால் கோட்டை மாட்டிக்கொண்டாள். "எனக்கு வாய் திறக்க முடியல. நீயே சொல்லு."

இந்த முறை சொன்னேன்.

டிசம்பர் 8

நிதி மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. நான் இப்போது ஆய்வுக் குழுவில் இல்லை. அவன் சிறையில். அக்கா தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு விரல்கள் இனி மடங்காது என்கிறார்கள். நான் அழைத்தால் எடுப்பதில்லை.