அப்பா பெயரை மாற்றிக் கொடுத்த ரத்தப் பரிசோதனை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று வழக்கம் போல ஆரம்பிக்கப் பார்த்தேன், பேனா கொஞ்சம் தயங்குகிறது. நடமாடிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருக்கிறோம், அதுவரை உண்மை. நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொன்னால் என் குரலே காட்டிக் கொடுத்துவிடும், நீயும் பாதியிலேயே அழ ஆரம்பிப்பாய், அதனால்தான் கடிதம்.

எங்கள் லேப்பின் கிளைகள் தினமும் ஈமெயிலில் அனுப்பும் ரிசல்ட் ஃபைல்களை நான்தான் ஒவ்வொன்றாகத் திறந்து டேட்டாபேஸில் ஏற்றுவேன் என்று உனக்குத் தெரியும். ஒரு கிளை தேதியைத் தலைகீழாகப் போடும், இன்னொன்று வயதுக்கான கட்டத்தில் எடையைப் போடும், எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே திருத்துவேன். இப்போது அந்த வேலையை ஒரு புரோகிராம் செய்கிறது. மெயில் வந்ததும் ஃபைலைத் தானே எடுத்து, சரிபார்த்து, ஏற்றிவிடுகிறது. அதை எழுதிய சுருட்டை முடிக்காரப் பெண், "பயப்படாதீங்கக்கா, அதுக்குப் புரியாம முழிக்கிறதை மட்டும் உங்க பக்கம் தள்ளிவிடும்" என்றாள். நானும் சாப்பாட்டு மேஜையில் உன் அப்பாவிடம், இனி யாருடைய ரிசல்ட்டும் என் கண்ணில் படாது என்று பெருமையாகச் சொன்னேன். மனிதர் அதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டார்.

போன வாரம் புரோகிராம் ஒரு வரியை ஒதுக்கி வைத்திருந்தது. பெயர் புதுசு, ஆனால் பிறந்த தேதியும் போன் நம்பரும் ஏற்கெனவே இருக்கும் ஒருவருடையது, ஒரே ஆளா இரண்டு ஆளா என்று கேட்டது. பார்த்தால் நம் வீட்டு நம்பர்! உன் அப்பாதான், லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்துக்குப் பக்கத்துக் கிளையில், தாத்தா பெயரைத் தன் பெயராகச் சொல்லி ரத்தம் கொடுத்திருக்கிறார். பொய் சொல்லவும் பழக்கம் வேண்டாமா, மற்றதையெல்லாம் உள்ளபடியே சொல்லியிருக்கிறார். சிரிப்பு வந்தது, அளவுகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சிறுநீரகத்துக்கான அளவு லேசாகத்தான் கூடியிருந்தது. புது ஆள் என்று விட்டிருந்தால் டாக்டர் அதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டார். பழைய ரிசல்ட்டுகளோடு சேர்த்தால்தான் அது வருஷத்துக்கு வருஷம் ஏறி வருவது தெரியும். அந்தக் கிளைக்குப் போன் செய்து விசாரிக்கச் சொன்னேன், அவர்களிடம் அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். ஒரே ஆள் என்று சேர்த்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன்.

ஆபீஸில் பார்த்ததை வீட்டில் பேசக்கூடாது என்பது எங்கள் விதி. அதனால் மட்டும் வாயை மூடிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன், அவராகச் சொல்லட்டும் என்ற பிடிவாதமும் இருந்தது. சாம்பாரில் உப்பைக் குறைத்தேன், ஏன் சப்பென்று இருக்கிறது என்று கேட்டார், மறந்துவிட்டது என்றேன். டாக்டர் கூப்பிட்டு அனுப்பிய பிறகுதான் வந்து சமையலறை வாசலில் நின்றார். "எல்லாம் தெரிஞ்சும் எதுக்குடி சும்மா இருந்தே?" என்றார். "நீங்க எதுக்குப் பேரை மாத்துனீங்க?" என்றேன். "உனக்குத் தெரிஞ்சா அவளுக்குத் தெரியும். இப்பத்தான் அவளுக்குன்னு ஒரு நல்ல வேலை அமைஞ்சிருக்கு, போட்டது போட்டபடி ஓடி வந்துடுவா" என்றார். கோபமாகப் பேச எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன், தட்டை எடுத்து வைத்து அவரைச் சாப்பிட உட்காரச் சொன்னேன்.

ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இருந்தால் ஏறாமல் நிறுத்திவைக்கலாம் என்கிறார் டாக்டர். இனி அவரிடம் இருவரும் சேர்ந்தே போவதாக ஒப்பந்தம். அந்தப் புரோகிராம் வந்ததில் எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. அது இல்லாவிட்டால், என் கண்ணில் பட்டுவிடும் என்று பயந்து அவர் அந்த ரத்தத்தைக் கொடுத்தே இருக்க மாட்டாரோ என்றும் தோன்றுகிறது.

உடம்பும் மனசும் தெம்பாக இரு, எடுத்த வேலையெல்லாம் உனக்குக் கைகூடட்டும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சுற்றிவளைக்காமல் அவரிடமே நேராகக் கேள், சொல்வதாகச் சம்மதித்திருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் அப்படி எழுதவில்லை, பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதுகிறேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா