விசாரிக்கக் கொடுத்த பெயர்

பெர்ன்ஹில், ஊட்டி
12.5.2025

அன்புள்ள ராஜப்ரியா,

அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? மழையில் பிக்கட்டிக்குப் போன் போகவில்லை. நம் டிரைவர் பாலனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பெங்களூர் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனதை நீ என்னிடம் மறைக்கவில்லை. நானும் மறைக்காமல் கேட்கிறேன், போகாதே. அவர்கள் தரும் சம்பளம் என்னால் தர முடியாது. கம்பெனியில் பங்கு தருகிறேன். உதவிக்கு இரண்டு பேரைச் சேர்க்கிறேன். மண்சரிவு எச்சரிக்கைக் கருவிகளின் புரோகிராம் முழுக்க உன் தலையில்தான் இருக்கிறது. ஜூனில் பருவமழை பிடித்துவிடும்.

அன்புடன்,
மெட்டில்டா


பிக்கட்டி
16.5.2025

அன்புள்ள மெட்டில்டா அக்காவுக்கு,

அம்மா நடக்கிறார். அதற்குள் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போக வேண்டுமாம்.

பங்கு நான் எதிர்பார்க்காதது. ஆனால் எனக்கு வேண்டியது அதுவல்ல, அக்கா. மூன்று வருடத்தில் அம்மாவுக்காக இப்போது எடுத்ததுதான் எனக்கு முதல் லீவு. தம்பி கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் மண்டபத்துக்குப் பின்னால் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். “நீ இல்லைன்னா நடக்காது” என்று நீங்கள் சொல்லும்போது முன்பு பெருமையாக இருந்தது. இப்போது மூச்சு முட்டுகிறது.

அப்பா, “போயிரு சாமி, லைன் வீட்டுல என்ன இருக்கு” என்கிறார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் அந்த லைன் சரிவுக்குக் கீழேதானே இருக்கிறது. பத்து நாள் கொடுங்கள்.

உங்கள்,
ராஜப்ரியா


பெர்ன்ஹில்
20.5.2025

அன்புள்ள ராஜப்ரியா,

கோகிலவாணியும் கமலேஷும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். இனி ஞாயிற்றுக்கிழமை உன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பெங்களூரிலிருந்து ஏதாவது பேசினார்களா? அவர்கள் என்ன சொன்னாலும் முதலில் என்னிடம் வா. நானே சில விஷயம் உன்னிடம் சொல்ல வேண்டும். நேரில் சொல்கிறேன்.

மெட்டில்டா


பிக்கட்டி
26.5.2025

மதிப்பிற்குரிய மேடம்,

வெள்ளிக்கிழமை மஞ்சூர் போய், சிக்னல் கிடைத்ததும் பெங்களூருக்குப் போன் செய்தேன். வேலைக்கு வரவில்லை, ஊட்டியிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொன்னேன்.

இன்டர்வியூ எடுத்தவர் ஆச்சரியப்பட்டார். “ஒன்பதாம் தேதியே வேற ஆளை எடுத்துட்டோமே. நீங்க அடிக்கடி லீவு போடுவீங்க, பொறுப்பா எதையும் முடிக்க மாட்டீங்கன்னு உங்க மேடம் சொன்னாங்க” என்றார்.

என்னைப் பற்றி விசாரிப்பதற்கு உங்கள் பெயரைத்தான் கொடுத்திருந்தேன். வேறு யாரைக் கொடுப்பேன்? எனக்குப் பங்கு தருவதாக நீங்கள் எழுதியது பன்னிரண்டாம் தேதி.

நீங்கள் பயந்திருப்பீர்கள், புரிகிறது. ஆனால் அந்தப் போனை வைத்த பிறகு உங்கள் கடிதங்களை மறுபடி படித்தேன். எந்த வரி உண்மை என்று தெரியவில்லை. அப்படி ஓர் இடத்தில் என்னால் வேலை செய்ய முடியாது.

புதன்கிழமை வருகிறேன். ஆகஸ்ட் கடைசி வரை இருந்து, கோகிலவாணிக்கும் கமலேஷுக்கும் முழுவதையும் சொல்லிக்கொடுப்பேன். சரிவுக்குக் கீழே படுப்பவர்கள் எங்கள் ஆட்கள். அதன் பிறகு போகிறேன். எங்கே என்று தெரியாது.

அனுபவச் சான்றிதழில் நான் செய்த வேலையை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். அது போதும்.

இப்படிக்கு,
வீ. ராஜப்ரியா